வேலைநிறுத்தத்துக்கு முந்தைய இரவு

(ஒரு மாவட்டத் தலைநகரின் வாசகர் வட்டத்தில், பணி ஓய்வு பெற்ற ஹெட் நர்ஸ் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

இரவு டியூட்டிக்குப் போகும் வழியில் சீருடைப் பையோடு வந்த என் தங்கைகள் பின்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

செவிலியர் போராட்டத்தைப் பற்றிப் பேசுங்கள் என்று வட்டத்தின் செயலாளர் கேட்டார். நம் மாநிலத்தில் இதைப் பேசுவதென்றால் 2017இலிருந்து தொடங்குவதுதான் முறை. அந்த ஆண்டு நவம்பர் 27, திங்கட்கிழமை. சென்னை தேனாம்பேட்டையில், மருத்துவத் துறை அலுவலகங்கள் உள்ள டி.எம்.எஸ். வளாகத்தில் பல மாவட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கான செவிலியர்கள் வந்து தரையில் உட்கார்ந்தார்கள். கைக்குழந்தையோடு வந்தவர்களும் அதில் இருந்தார்கள். எல்லாரும் 2015இல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் நடத்திய போட்டித் தேர்வில் தேறி வேலைக்கு வந்தவர்கள். 7,243 இடங்களுக்கு நடந்த தேர்வு அது. தேறியவர்களுக்குக் கிடைத்தது மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியம். முப்பதால் வகுத்துப் பாருங்கள், ஒரு நாளுக்கு 256 ரூபாய் சொச்சம். அதே வார்டில், அதே டியூட்டியில், அதே ஊசியைப் போடும் நிரந்தரச் செவிலியருக்குப் பல மடங்கு சம்பளம். இரண்டு வருடம் பல்லைக் கடித்துக்கொண்டால் காலமுறை ஊதியம் வந்துவிடும் என்று நம்பித்தான் சேர்ந்தார்கள். இரண்டு வருடம் முடிந்தது. ஒன்றும் வரவில்லை. அதனால் வந்து உட்கார்ந்தார்கள்.

மூன்றாம் நாள் உயர்நீதிமன்றம் போராட்டத்துக்குத் தடை விதித்தது. அவர்கள் எழுந்து வேலைக்குத் திரும்பினார்கள். பிற்பாடு தொகுப்பூதியம் 14,000 ஆனது.

அந்த மூன்று நாளும் தொலைக்காட்சி விவாதங்களிலும் டீக்கடையிலும் ஒரே கேள்விதான் கேட்கப்பட்டது. “இவர்கள் இங்கே வந்து உட்கார்ந்துவிட்டால் நோயாளி கதி என்ன?” நல்ல கேள்வி, கேட்க வேண்டிய கேள்வி. இன்றைக்கு நான் அதற்குத்தான் பதில் சொல்லப் போகிறேன். சம்பளக் கணக்கை விடவும் அதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

செவிலியர் வேலையை நிறுத்தினால் நோயாளிக்குக் கேடு வருமா? வரும். இதை மறைத்துவிட்டு நான் எங்கள் பக்கம் பேசினால் நேர்மையாக இருக்காது. அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் 1984 முதல் 2004 வரை நடந்த செவிலியர் வேலைநிறுத்தங்களை ஜோனதன் குரூபர், சாமுவேல் கிளெய்னர் என்ற இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள் எடுத்து அலசினார்கள். வேலைநிறுத்த நாட்களில் சேர்க்கப்பட்ட நோயாளிகளில், மருத்துவமனைக்குள்ளேயே இறந்தவர்களின் விகிதம் ஏறத்தாழ 18 விழுக்காடு கூடியிருந்தது. இன்னொன்றையும் அவர்கள் கண்டார்கள். வெளியிலிருந்து மாற்றுச் செவிலியர்களைக் கூலிக்குக் கொண்டுவந்து நிறுத்திய மருத்துவமனைகளிலும் நிலைமை தேறவில்லை. டாக்டர்கள் இருந்தார்கள், மருந்து இருந்தது, கருவிகள் இருந்தன, ஊசி போடத் தெரிந்த கைகளும் இருந்தன. அந்த வார்டை அறிந்த கைகள் மட்டும் இல்லை.

இந்த ஆய்வைச் செவிலியருக்கு எதிரான சாட்சியாக எடுத்து வைப்பவர்கள் உண்டு. வையுங்கள். ஆனால் பக்கத்தில் இன்னொரு ஆய்வையும் வைக்க வேண்டும். 2002இல் லிண்டா ஏக்கன் என்ற பேராசிரியரும் அவருடைய குழுவினரும் பென்சில்வேனியாவின் 168 மருத்துவமனைகளில், அறுவை சிகிச்சை செய்துகொண்ட 2,32,000-க்கும் மேற்பட்ட நோயாளிகளின் பதிவேடுகளை ஆராய்ந்து வெளியிட்டார்கள். ஒரு செவிலியரின் பொறுப்பில் ஒரு நோயாளி கூடுதலாகச் சேரும்போதெல்லாம், முப்பது நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 விழுக்காடு ஏறுகிறது என்பது அவர்கள் கண்டது. இங்கே வேலைநிறுத்தம் எதுவும் நடக்கவில்லை. கொடி இல்லை, கோஷம் இல்லை. சாதாரண நாட்கள்.

இரண்டு ஆய்வும் ஒரே விஷயத்தைத்தான் சொல்கின்றன. செவிலியர் பக்கத்தில் இல்லாவிட்டால் நோயாளி சாகிறார். போராட்டம் அவளை மூன்று நாள் வார்டிலிருந்து எடுக்கிறது. நிரப்பாத காலிப் பணியிடம் அவளை வருடம் முழுக்க எடுக்கிறது. முதலாவது நடந்தால் செய்தி, விவாதம், வழக்கு, தடை எல்லாம் ஒரே வாரத்தில் வந்துவிடும். இரண்டாவது நடந்தால் கேஸ் ஷீட்டில் ஒரு வரி எழுதி, கையெழுத்துப் போட்டு, படுக்கை விரிப்பை மாற்றிவிடுகிறோம்.

இந்திய நர்சிங் கவுன்சில் வகுத்த அளவு உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் பொது வார்டில் மூன்று நோயாளிக்கு ஒரு செவிலியர். மற்ற மருத்துவமனைகளில் ஐந்து பேருக்கு ஒருவர். தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒருவருக்கு ஒருவர். இதற்கு மேல், விடுப்பில் போகிறவர்களுக்கு ஈடாக முப்பது விழுக்காடு ஆள் வைத்திருக்க வேண்டும். உங்கள் வீட்டில் யாராவது அரசு மருத்துவமனையில் படுத்திருந்தால், அன்று இரவு நீங்கள் வராண்டாவில் பாய் விரித்துப் படுத்திருந்தால், வார்டில் எத்தனை வெள்ளைச் சீருடைகளைப் பார்த்தீர்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

பிரசவ வார்டை எடுத்துக்கொள்கிறேன். என் பணிக்காலத்தில் பெரும்பகுதி அங்கேதான் போனது. குழந்தை பிறந்துவிட்டது, நஞ்சும் விழுந்துவிட்டது என்றால் உறவுக்காரர்கள் சர்க்கரை வாங்க ஓடுவார்கள். எங்களுக்கு அப்போதுதான் வேலை ஆரம்பம். அடுத்த இரண்டு மணி நேரம், பதினைந்து நிமிடத்துக்கு ஒரு தடவை, தாயின் அடிவயிற்றில் கையை வைத்து அழுத்திப் பார்க்க வேண்டும். தொப்புளுக்குக் கீழே கருப்பை கெட்டியாக, உருண்டையாகக் கையில் தட்டுப்பட வேண்டும். மெத்தென்று இருந்தால் உள்ளே ரத்தம் கட்டுகிறது என்று அர்த்தம். உடனே தேய்க்க வேண்டும், டாக்டரைக் கூப்பிட வேண்டும், ஆக்ஸிடோசின் போட வேண்டும், விரிப்பைத் தூக்கி எவ்வளவு போயிருக்கிறது என்று பார்க்க வேண்டும். இந்த ரத்தப்போக்கு சத்தம் போடாது. அந்தப் பெண் களைத்துத் தூங்குகிறாள் என்றுதான் பக்கத்தில் இருக்கும் அம்மா நினைப்பார். கட்டுப்படாமல் போனால் இரண்டு மணி நேரத்துக்குள் உயிர் போய்விடும்.

ஒரு செவிலியர், ஒரு தாய் என்றால் பதினைந்து நிமிடம் பதினைந்து நிமிடமாகவே இருக்கும். ஒரே செவிலியர், பிரசவமான நான்கு பேர், மேஜையில் முக்கிக்கொண்டிருக்கும் ஐந்தாவது பெண் என்று ஆகும்போது அந்தப் பதினைந்து நாற்பதாகும், ஒரு மணி நேரமாகும். எனக்கு அப்படி ஆகியிருக்கிறது. ஒரு இரவு, மேஜையிலிருந்த குழந்தை பிறந்து அழாமல் கிடக்கிறது, நான் முதுகைத் தேய்த்து, சளியை உறிஞ்சி எடுத்துக்கொண்டிருக்கிறேன். அந்தக் குழந்தையைக் கீழே வைக்க முடியாது. வெளியே மூன்றாவது கட்டிலுக்கு நேரம் தாண்டிவிட்டது என்று எனக்குத் தெரியும். ஆயாம்மாவைக் கூப்பிட்டு, “மூணாம் நம்பர் வயித்துல கைய வையுங்கம்மா, கெட்டியா இருக்கான்னு சொல்லுங்க” என்று கத்தினேன். அவர் ஓடினார். “பொதபொதன்னு இருக்கு சிஸ்டர்” என்றார். குழந்தை அந்த நேரம் பார்த்து அழுதது, நான் ஓடினேன், அந்தத் தாயும் பிழைத்தாள். அந்த ஆயாம்மாவுக்கு அதைப் பார்க்க யாரும் பயிற்சி கொடுத்ததில்லை. எங்கள் பின்னாலேயே நின்று பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டவர். வேறு யாராவது புதியவர் அன்று டியூட்டியில் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நான் இங்கே சொல்ல வேண்டியதில்லை.

தமிழ்நாட்டில் இன்று 99 விழுக்காட்டுக்கு மேல் பிரசவங்கள் மருத்துவமனையில் நடக்கின்றன. ஐந்தாவது தேசிய குடும்ப நல ஆய்வு 99.6 என்கிறது. நாம் பெருமைப்பட வேண்டிய எண்தான். இந்த எண் எப்படி வந்தது? ஆரம்ப சுகாதார நிலையங்களை 24 மணி நேரமும் திறந்துவைத்து, சுழற்சிக்கு ஒருவராக மூன்று ஸ்டாஃப் நர்ஸ்களை அங்கே அமர்த்தியதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு. அவர்களில் பெரும்பாலோர் வேலைக்குச் சேர்ந்தது ஒப்பந்தத்தில். ராத்திரி ஒன்றரை மணிக்கு ஒரு கிராமத்து பி.எச்.சி.யில் அந்தப் பெண் தனியாக இருக்கிறாள். துணைக்கு ஒரு பணியாளர். வாசலில் நாய், உள்ளே ஒரு பிரசவம், வெளியே குடித்துவிட்டு வந்து சத்தம் போடும் நான்கு உறவுக்காரர்கள். மாநிலத்துக்குப் பெயர் வாங்கிக் கொடுத்த எண்ணுக்குப் பின்னால் இருந்தவளுக்கு, மாசமானால் சம்பளத்தோடு பிரசவ விடுப்பு கேட்டுப் போராட வேண்டியிருந்தது. அதை என்னால் இன்னும் ஜீரணிக்க முடியவில்லை.

சட்டத்துக்கு வருகிறேன். 2003இல் நடந்த தமிழ்நாட்டு அரசு ஊழியர் வேலைநிறுத்தம் உங்களில் பலருக்கு நினைவிருக்கும். ஏறத்தாழ ஒரு லட்சத்து எழுபதாயிரம் பேரை ஒரே வீச்சில் பணிநீக்கம் செய்தார்கள். அந்த வழக்கில் உச்சநீதிமன்றம், அரசு ஊழியருக்கு வேலைநிறுத்தம் செய்ய அடிப்படை உரிமையோ, சட்ட உரிமையோ, தார்மீக உரிமையோ கிடையாது என்று தீர்ப்புச் சொன்னது. தொகுப்பூதியச் செவிலியரை இந்தத் தீர்ப்பின் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள். சம்பளம் கேட்டால், நீ நிரந்தர ஊழியர் கிடையாது என்கிறார்கள். போராடினால், நீ அரசுப் பணியில் இருப்பவள், இது அத்தியாவசியப் பணி, உனக்கு அந்த உரிமை கிடையாது என்கிறார்கள். பணி அவ்வளவு அத்தியாவசியம் என்றால் அதைச் செய்பவளுக்கு நாளைக்கு வேலை இருக்குமா இருக்காதா என்ற நிலை எப்படி வந்தது? இதற்கு எந்த அதிகாரியும் எனக்கு இதுவரை பதில் சொன்னதில்லை.

கொரோனா காலத்தில் இது இன்னும் பச்சையாகத் தெரிந்தது. 2020இல் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட செவிலியர்களை ஒப்பந்தத்தில், 14,000 ரூபாய்க்கு எடுத்தார்கள். கவச உடையை மாட்டினால் ஆறு மணி நேரம் தண்ணீர் குடிக்க முடியாது, பாத்ரூம் போக முடியாது. மாதவிடாய் நாளில் அதற்குள் நின்றவர்கள் பட்ட பாட்டை நான் மேடையில் விவரிக்கப் போவதில்லை. 2022 டிசம்பர் 31ஆம் தேதியோடு அவர்களின் பணி முடிந்தது. புத்தாண்டை அவர்கள் தெருவில் உட்கார்ந்துதான் தொடங்கினார்கள். பிறகு, மாவட்டச் சுகாதாரச் சங்கங்கள் வழியாக 18,000 ரூபாயில் தற்காலிக வேலை தருவதாக அரசு சொன்னது. மறுபடியும் தற்காலிகம். நியூயார்க் ஆய்வில் மாற்று ஆட்கள் ஏன் உதவவில்லை என்று சொன்னேனே, அதை இங்கே நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டரை வருடம் பழகித் தேர்ந்த கையை வெளியே அனுப்பிவிட்டுப் புதுக் கையை உள்ளே கொண்டுவருவதில் மிச்சமாகும் பணத்தை நோயாளிதான் கட்டுகிறார்.

அண்டை மாநிலத்தையும் பார்க்க வேண்டும். கேரளத்தில் இந்தப் போராட்டம் தனியார் மருத்துவமனைகளில் வெடித்தது. கடன் வாங்கிப் படித்த பெண்கள், மாதம் சில ஆயிரம் ரூபாய்க்கு வேலை பார்த்தார்கள். சேரும்போதே சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொண்டு, பாண்டு எழுதி வாங்குவார்கள். நடுவில் போக வேண்டுமென்றால் பணம் கட்டினால்தான் சான்றிதழ். 2011 அக்டோபரில் மும்பையில் ஒரு தனியார் மருத்துவமனையில் வேலை பார்த்த மலையாளச் செவிலியர் ஒருவர் இந்தப் பாண்டுக் கொடுமையில் உயிரை மாய்த்துக்கொண்டார். அங்கே மூண்ட தீ கேரளத்துக்குப் பரவியது. அந்த ஆண்டுதான் ஐக்கிய செவிலியர் சங்கம் உருவானது. கோதமங்கலத்தில் 2012இல் ஒரு மருத்துவமனை வாசலில் நூறு நாளுக்கு மேல் உட்கார்ந்திருந்தார்கள். கடைசியில் மூன்று செவிலியர்கள் மாடியில் ஏறி நின்று குதித்துவிடுவோம் என்ற பிறகுதான் பேச்சு முடிவுக்கு வந்தது.

2016இல் உச்சநீதிமன்றத்தின் சொல்படி மத்திய அரசு அமைத்த குழு ஒரு கணக்கைச் சொன்னது. ஐம்பது படுக்கைக்குக் குறைவான தனியார் மருத்துவமனையிலும் செவிலியருக்கு 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது. இருநூறு படுக்கைக்கு மேல் என்றால் அரசுச் செவிலியருக்குச் சமமாகத் தர வேண்டும். கேரளத்தில் 2018 ஏப்ரல் 23 அன்று ஊதிய அறிவிக்கை வந்தது. மறுநாள் செவிலியர்கள் சேர்த்தலையிலிருந்து திருவனந்தபுரத்துக்கு நடைப்பயணம் கிளம்பவிருந்தார்கள். அதற்குள் வந்தது. நம் ஊர்த் தனியார் நர்சிங் ஹோம்களில் இப்போது என்ன சம்பளம் என்று பின்வரிசையில் இருக்கும் தங்கைகளைக் கேளுங்கள், அவர்கள் சொல்வார்கள்.

அந்த அறிவிக்கை வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. மே 21ஆம் தேதி பேராம்பிரா தாலுகா மருத்துவமனையின் செவிலியர் லினி, நிபா வைரஸ் தாக்கிய நோயாளியைப் பார்த்ததில் தொற்று வந்து இறந்தார். நிரந்தரப் பணியில்லாத செவிலியர். இரண்டு சிறு குழந்தைகளின் தாய். நாடே அவரைப் போற்றியது, போற்ற வேண்டியதுதான். ஆனால் இறந்த செவிலியருக்கு மாலை போடத் தெரிந்த நமக்கு, உயிரோடு இருந்து சம்பளம் கேட்கும் செவிலியரைக் கண்டால் மட்டும் முகம் சுருங்குகிறது. ஏன் என்று நாம்தான் நம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

போராடுகிறவள் வேறு, பார்த்துக்கொள்கிறவள் வேறு என்று நினைப்பவர்களுக்கு மும்பையைச் சொல்ல வேண்டும். தேனாம்பேட்டைப் போராட்டம் தொடங்கிய அதே நவம்பர் 27, ஆனால் 1973. கே.ஈ.எம். மருத்துவமனையின் இளம் செவிலியர் அருணா ஷான்பாக், டியூட்டி முடிந்து உடை மாற்ற அடித்தளத்துக்குப் போனார். உடை மாற்ற வேறு பாதுகாப்பான இடம் இல்லை. அங்கே வேலை பார்த்த ஒருவன் நாய்ச் சங்கிலியால் கழுத்தை நெரித்து அவரைச் சீரழித்தான். உயிர் இருந்தது, நினைவு திரும்பவில்லை. அவனுக்குக் கிடைத்தது கொள்ளைக்கும் கொலை முயற்சிக்குமான ஏழு ஆண்டு. மும்பைச் செவிலியர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அருணாவுக்கு நல்ல கவனிப்பும் தங்களுக்குப் பாதுகாப்பான பணிச்சூழலும் கேட்டார்கள். பின்னாளில் மாநகராட்சி அவரை வேறு இடத்துக்கு மாற்றப் பார்த்தபோது மறுபடி எதிர்த்து நின்று தடுத்தார்கள்.

அதே செவிலியர்கள்தான் அவரை 2015 மே 18 வரை, ஏறத்தாழ 42 ஆண்டு, பார்த்துக்கொண்டார்கள். முதலில் பார்த்தவர்கள் ஓய்வு பெற்றுப் போனார்கள், அவர் படுக்கையில் விழுந்தபோது பிறக்காதவர்கள் சீருடை போட்டு வந்து பார்த்தார்கள். மசித்த சோறு ஊட்டினார்கள், திருப்பிப் படுக்கவைத்தார்கள். அத்தனை ஆண்டில் அவர் உடம்பில் படுக்கைப்புண் இல்லை என்பது உச்சநீதிமன்றத்தின் பதிவில் இருக்கிறது. படுக்கைப்புண் வராமல் காப்பது எப்படி என்று தெரியுமா? இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஆளைப் புரட்ட வேண்டும். ஒரு நாளைக்குப் பன்னிரண்டு தடவை. அருணாவைக் கருணைக்கொலை செய்ய அனுமதி கேட்ட வழக்கில் 2011இல் தீர்ப்புச் சொன்ன அதே நீதிமன்றம், அவருக்காகப் பேசும் உரிமை கே.ஈ.எம். ஊழியர்களுக்கே உண்டு என்றது. வேலைநிறுத்தம் செய்த கையும் புரட்டிப் போட்ட கையும் ஒன்று.

அருணாவுக்கு இல்லாமல் போன அந்தப் பாதுகாப்பான இடம் அதன் பிறகாவது வந்ததா? 2024 ஆகஸ்ட் 9 அன்று கொல்கத்தாவின் ஆர்.ஜி. கர் மருத்துவமனையில் இரவு டியூட்டியில் இருந்த பெண் டாக்டர், ஓய்வெடுக்கக் கருத்தரங்கக் கூடத்தில் படுத்திருந்தபோது கொல்லப்பட்டார். அரை நூற்றாண்டு கழித்தும் அவ்வளவுதான்.

போராட்டம் என்றால் வார்டை அப்படியே போட்டுவிட்டுக் கிளம்புவது என்று யாரும் நினைக்க வேண்டாம். இங்கிலாந்தில் ராயல் காலேஜ் ஆஃப் நர்சிங் 1916இல் தொடங்கிய அமைப்பு. 2022 டிசம்பரில் அது நடத்திய வேலைநிறுத்தத்தில் கீமோதெரபி, டயாலிசிஸ், தீவிர சிகிச்சைப் பிரிவு எதையும் தொடவில்லை. முன்கூட்டியே பட்டியல் போட்டு ஆளை நிறுத்திவிட்டுத்தான் வெளியே வந்தார்கள். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் 1986இல் ஐம்பது நாள் போராடினார்கள். அங்கே உருவான சங்கபலம்தான் பின்னாளில் 2000இல் இத்தனை நோயாளிக்கு இத்தனை செவிலியர் என்ற விகிதத்தைக் கட்டாயமாக்க உதவியது, 2015இல் அது சட்டமே ஆனது. கலிபோர்னியாவில் 2004 முதல் சட்டம் நடைமுறையில் இருக்கிறது, தீவிர சிகிச்சையில் இரண்டு பேருக்கு ஒருவர். இங்கே கவுன்சிலின் அளவு காகிதத்தில் இருக்கிறது. மீறினால் தண்டனை இல்லை. ஆகவே நம் செவிலியர்களின் கோரிக்கைப் பட்டியலில் சம்பளத்துக்கு மேலே இந்த விகிதம் வர வேண்டும் என்று சங்கத்துத் தங்கைகளிடம் நான் பலமுறை சண்டை போட்டிருக்கிறேன். இன்றும் போடுவேன். சம்பளம் கேட்டால் ஊர் உங்களை வேடிக்கை பார்க்கும். விகிதம் கேட்டால் ஊருக்கும் அதில் பங்கு உண்டு.

உங்களுக்கு ஒரு வேலை வைத்திருக்கிறேன். இங்கிலாந்தில் ஸ்டாஃபோர்ட் மருத்துவமனையில் ஆள் குறைப்பால் நோயாளிகள் தண்ணீருக்குக்கூடத் தவித்த கொடுமை விசாரணையில் வெளிவந்த பிறகு, 2014 முதல் ஒவ்வொரு வார்டு வாசலிலும் இன்றைக்கு எத்தனை செவிலியர் இருக்க வேண்டும், எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று எழுதிப் போடச் சொன்னார்கள். செலவு ஒரு பலகை, ஒரு சாக்பீஸ். அதை நம் மாவட்ட மருத்துவமனையில் கேட்போம். அதற்கு முன்னால் கணக்குத் தெரிய வேண்டும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி விண்ணப்பித்தால் முப்பது நாளில் பதில் தர வேண்டும். அனுமதிக்கப்பட்ட செவிலியர் பணியிடம் எத்தனை, காலி எத்தனை, தொகுப்பூதியத்தில் எத்தனை பேர், கடந்த மாதம் இரவு டியூட்டியில் வார்டுக்கு எத்தனை பேர் இருந்தார்கள் என்று நான்கு கேள்விகள். விண்ணப்பத்தை எழுதி நகல் எடுத்துக் கொண்டுவந்திருக்கிறேன், வாசல் மேஜையில் இருக்கிறது. ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள், பெயரும் முகவரியும் மட்டும் நிரப்பினால் போதும். ஒருவர் அனுப்பினால் கோப்பில் போய்விடும், ஐம்பது பேர் அனுப்பினால் கூப்பிட்டுப் பேசுவார்கள். இப்போது கேள்விகள் இருந்தால் கேளுங்கள். டியூட்டிக்குக் கிளம்ப வேண்டிய தங்கைகள் முதலில் கேட்கட்டும், அவர்களுக்கு எட்டு மணிக்கு ரிப்போர்ட் வாங்க வேண்டும்.